இரண்டு மேசை ஜெர்மனி

மவுண்ட் ரோஸ்கில் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், வெவ்வேறு முதியோர் இல்லச் சீருடையில் இரண்டு பெண்கள்.

“இன்னைக்கும் ஜெர்மனியை ரெண்டா பிரிச்சுட்டுதான் வர்றேன்,” என்றாள் தமிழ்நாட்டுக்காரி.

“என்ன கதைக்கிறீர்?” என்றாள் யாழ்ப்பாணத்துப் பெண்.

“ஜெர்மன்கார அண்ணன் தம்பிங்க, எண்பது தாண்டியாச்சு. உலகப் போருக்கப்புறம் நாடு ரெண்டாச்சுல்ல? அண்ணன் ரஷ்யா கூட்டணிப் பட்டாளம், தம்பி அமெரிக்கா கூட்டணி. எல்லையில எதிரெதிரா நின்னாங்களாம். தம்பியோட பொண்ணுதான் ரெண்டு பேரையும் எங்க ஹோம்லயே சேர்த்துட்டா. ஒரே மேசையில சாப்பிட மாட்டாங்க. தினமும் மேசையை இழுத்துப் பிரிச்சுப் போட்டு என் இடுப்பே போச்சு.”

மற்றவள் சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

“எங்கட அண்ணாமாரும் ஊரில ரெண்டு இயக்கத்தில இருந்தவை. மேசையைப் பிரிச்சுப் போடச் சொல்ல ஒருத்தரும் மிஞ்சேல்லை.”