கெணத்துக்கு இந்தாண்ட

ஆமாம்மா, பர்மா தேக்குதான். தட்டிப் பாருங்க, இரும்பு மாதிரி கேக்கும். எங்க மாமனாரோட பாட்டனாரு அவுரி யாவாரம் பண்ண காலத்துல கப்பல்ல வந்து எறங்குன மரம். நெலப்படி ஒசரம், பாத்துத் தாண்டி வாங்க. இது நடு வூடு. மழை எப்படி அடிச்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது. காத்துக்கு இன்னா கொறச்சல், மத்தியானத்துல கூட விசிறி எடுக்க மாட்டம். ரெண்டு கட்டு, மேல மாடி, பின்னால தோட்டம், தோப்பு, கரும்புக் கொல்லை. இந்தச் சுத்து வட்டாரத்துல இதுக்கு ஈடு சொல்ல ஒரு வூடு கெடையாதும்மா...

போயிட்டாரா? பச்சையப்பனக் கேக்கறன், அதான் உங்களக் கூட்டியாந்த தரகரு. உங்க வூட்டுக்காரர இட்டுக்கினு கரும்புக் கொல்லப் பக்கம்தான போறாரு? நல்லா எட்டிப் பாத்துச் சொல்லுங்க. போயிட்டாரா. சரி.

ஒழுவும்மா. நல்லா ஒழுவும். ஐப்பசி வந்தா நடு வூட்ல அண்டா குண்டா எல்லாத்தயும் பரப்பி வச்சிட்டு மூலையில குந்திக்கினு இருப்பம். மேல தளத்துல ஆலங்கன்னு மொளச்சி வேரு செவுத்துக்குள்ள எறங்கிடுச்சி. முன்ன சொன்னதெல்லாம் அந்த ஆளு காதுல வுழட்டும்னு சொன்னது. அவரு போயி ஒண்ணுக்கு ரெண்டா எங்க மச்சாண்டாருகிட்ட வத்தி வச்சிடுவாரு. மச்சாண்டாருன்னா எங்க வூட்டுக்காரரோட அண்ணன். புதுச்சேரியில கடை வச்சிக்கினு கீறாரு. பாகம் பிரிச்சப்ப வூடு, தோப்பு, கொல்லை அவருக்கு, நஞ்சையில கொஞ்சம் எங்களுக்கு. எங்களுது பொண்ணுங்க கல்யாணத்தோட போச்சி. நாங்க இங்க சும்மா குந்திக்கினு இருக்கறம், அதான் நெசம். இப்ப அவரு வித்துடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. வர்றவங்களுக்கு வூட்டச் சுத்திக் காட்டுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. காட்டறன். வேற இன்னா செய்யச் சொல்றீங்க என்னய?

உங்ககிட்ட மறைக்கல. நீங்க இத வாங்கக் கூடாதும்மா. சைகோன்லயெல்லாம் இருந்துட்டு வந்தவங்க, உங்களுக்கு வேற எடமா கெடைக்காது? உங்க வூட்டுக்காரருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. சமையக்கட்டு இருட்டு, பாம்பு வருது, பேய் கீதுன்னு இன்னா வேணா சொல்லுங்க. நீங்க வாங்கிட்டா நாங்க எங்கம்மா போவம்?

மச்சாண்டாரு வுட்டுட மாட்டாரு, அதெல்லாம் சொல்லக் கூடாது. கடைக்குப் பின்னால ஒரு அறை இருக்குது, ரெண்டு பேரும் வந்து இருங்கன்னுதான் கூப்புடறாரு. வர முடியாதும்மா. நான் வருவன். அவரால வர முடியாது. அத வுடுங்க.

எங்க வூட்டுக்காரரா? அவரு அரியாங்குப்பம் போயிருக்காரு. ஒரு சாவு. காலையிலதான். இல்ல, நேத்தே போனாரு. எனக்கு எது நேத்து எது இன்னைக்குன்னு ஒண்ணும் ஓடலம்மா, நீங்க வாங்க, பின்கட்டப் பாக்கலாம்.

இதான் அவுரித் தொட்டி. அந்தக் காலத்துல நீலச் சாயத்துக்கு எலையப் போட்டு ஊற வைப்பாங்களாம். நான் வெறகு அடுக்கி வச்சிருக்கறன். தேளு இருக்கும், கைய வைக்காதீங்க. இதான் கெணறு. தண்ணியா? தண்ணி வந்து...

இன்னா பச்சையப்பண்ணே, வெத்தலப் பை மறந்துட்டீங்களா? மாடத்துலதான் இருக்குது, எடுத்துக்கோங்க. அம்மாவுக்குக் கெணத்தக் காட்டிக்கினு இருக்கறன். தண்ணி இளநி மாதிரிம்மா! பாகூர்லேர்ந்து வந்து குடிச்சிட்டுப் போவாங்க! ஆமாண்ணே, எல்லாத்தயும் சொல்றன், நீங்க போங்க, அவரு வெயில்ல நிக்கறாரு பாருங்க.

போனாரா. தண்ணிய மட்டும் நான் பழிக்க மாட்டன்மா. குடிக்கற தண்ணி. நல்ல தண்ணிதான். ஆனா அது இல்ல சங்கதி. இந்தக் கெணத்தோட பிரெஞ்சுக்காரன் மண்ணு முடிஞ்சிடுது. ஆமாம்மா. அந்தாண்ட தோப்பு, கரும்பு எல்லாம் இங்கிலீசுக்காரன் மண்ணு. அந்தாண்ட மட்டும் இல்ல, நாலு பக்கமும் அதான். இந்த மேடு மட்டும் தண்ணி நடுவுல திட்டு மாதிரி பிரெஞ்சுக்காரனுது. வரும்போது சாவடியில வண்டிய நிறுத்தி உங்க மூட்டையெல்லாம் கிளறுனாங்க இல்ல? எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க தெனம் அப்படித்தான் போவணும், வரணும். வூட்டுக்குப் பத்திரம் புதுச்சேரியில நொத்தேர் எழுதுவாரு, தோப்புக்குக் கடலூரு போயி எழுதணும். பச்சையப்பன் அதச் சொல்லி இருக்க மாட்டாரே.

சிரிக்கறீங்க. எங்க பக்கத்து சனங்களும் சிரிப்பாங்க. இங்கிலீசு மாங்காயப் பறிச்சி பிரெஞ்சு வூட்ல ஊறுகா போடறியாடின்னு என்னயக் கேலி பண்ணுவாங்க. நானும் சிரிச்சிருக்கறன், முன்ன.

இங்க ஒருத்தருக்கு இன்னா ஆச்சின்னு சொல்றன், கேட்டுட்டு அப்பறம் வாங்கறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. எங்க வயலு இருந்தப்ப நடவு நட வருவாளே ரோசம்மா, அவ பொண்ணு கல்யாணத்துக்குப் புதுச்சேரியில ஒரு பட்டுச்சேல எடுத்தாந்தா. வர்றப்ப இங்கிலீசு சாவடிச் சேவகன் ஒருத்தன் தீர்வை கட்டுன்னு மறிச்சிட்டான். அவ எங்க போவா தீர்வைக்கு? மூட்டைய மார்ல கட்டிக்கினு ஓடியாந்தா, தோ இந்தத் தோப்பு வழியா. அவன் தொரத்திக்கினு வந்து கொண்டையப் புடிச்சி இழுத்து, கீழ தள்ளி, மூட்டையப் புடுங்கறான். அந்த நேரம் இவரு இங்க கெணத்தங்கரையில பல்லு வெளக்கிக்கினு நிக்கறாரு. அந்த ஒருத்தரு, அவரத்தான் சொல்றன். பாத்துட்டு வுட முடியுமா? ஓடிப்போயி ரெண்டு சாத்து சாத்தி, தாம்புக் கயித்தாலயே அவன மாமரத்துல கட்டிப்புட்டாரு. பிரெஞ்சுக்காரன் எல்லையில வந்து பொம்பள மேல கை வைக்கறியாடான்னு கத்துன கத்து மடுகரைக்கே கேட்டிருக்கும்.

கட்டுனதோட வுட்டாரா. பெரிய ஞாயம் பண்ணிட்டாப்ல, இவரே ஆள் வுட்டு பாகூரு போலீசு கொமிசேரக் கூப்புட்டு அனுப்புனாரு. நம்ம எல்லையில பூந்த இங்கிலீசுக்காரன் ஆளப் புடிச்சி வச்சிருக்கறன், வந்து பாருங்கன்னு. அந்தாண்டலேர்ந்து இங்கிலீசு போலீசும் வந்துட்டாங்க. சங்கிலி போட்டு அளந்தாங்க.

அங்க ரெண்டு மாமரம் தெரியுதா? கெணத்தை ஒட்டி இருக்கறது ஒட்டு மரம், அது பிரெஞ்சு மண்ணுல. அதுக்கு அப்பால தழச்சி நிக்குதே, நாட்டு மரம், அது இங்கிலீசு மண்ணுல. எல்லைக் கல்லு ரெண்டுக்கும் நடுவுல சருகுல மூடிக் கெடந்துது. இவரு கட்டுனது நாட்டு மரத்துல. சின்ன வயசுல ஊஞ்ச கட்டி ஆடுன மரம், மாடு கட்டுன மரம், நம்ம மரம்னுதான் நெனப்பு. நம்ம மரந்தான். மண்ணு நம்மது இல்ல. அடிச்சதும் அங்க, கட்டுனதும் அங்க. இந்தாண்ட மரத்துல கட்டியிருந்தா அந்தச் சேவகன் பேர்ல குத்தம். அந்தாண்ட கட்டுனதால இவரு பேர்ல.

கொமிசேரு நல்ல மனுசன். சங்கிலிய எடுக்கறதுக்குள்ள இவரப் பாத்துக் கண்ணக் காட்டுனாரு, கெணத்துக்கு இந்தாண்ட வந்து நில்லுன்னு. வந்து நின்னாரு. வந்து நின்னவருதாம்மா. இந்த மண்ணுல இருக்கற வரைக்கும் உன்னயத் தொட வுட மாட்டன், வெளிய கால வச்சா என் கையில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு அவரும் போயிட்டாரு. அப்பறம் மாத்தலாயி அவரு எங்கயோ போயிட்டாரு. சாவடியில ஆளு மாறிக்கினே இருக்குது, ஆனா புதுசா வர்றவங்கிட்டயும் இவரு அடையாளத்தச் சொல்லித்தான் வைக்கறாங்க.

பேரா? பேரு வந்து... இருங்க. இல்லம்மா, மறந்து போவல, மறக்கற பேரா அது. முதலை காலக் கவ்வுனப்ப யானை ஒரு பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சே, அந்தப் பேரு. ஆங், அதான். நீங்க சொல்லலாம். நான் சொல்லக் கூடாது. தாலி கட்டுனதுலேர்ந்து என் வாயால சொன்னதில்ல.

அப்படிப் பாக்காதீங்கம்மா. அரியாங்குப்பத்துல சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மச்சாண்டாருதான் சொன்னாரு, வாங்க வர்றவங்ககிட்ட இந்தப் பேச்ச எடுக்காதீங்க, தம்பி ஊர்ல இல்லன்னுடுங்க, போலீசு விவகாரம்னா ஓடிடுவாங்கன்னு. அவரு எந்தச் சாவுக்கும் போவறதில்ல. என் மாமியாரு செத்தப்ப சுடுகாடு அந்தாண்ட. மச்சாண்டாரு கொள்ளி வச்சாரு, இவரு தோ இந்தக் கெணத்துத் தொலக்கல்லப் புடிச்சிக்கினு பொகையப் பாத்துக்கினு நின்னாரு. பொண்ணுங்க வூட்டுக்குப் போனதில்ல. ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு, கொஞ்ச நாளு செயில்ல இருந்துட்டு வந்துடேண்டான்னு மச்சாண்டாரு சொல்றாரு. இவரு, பொம்பளயக் காப்பாத்துனதுக்கு எவங்கிட்ட மன்னிப்புன்னு கேக்கறாரு. ரெண்டு பேரு சொல்றதும் ஞாயமாத்தான் இருக்குது. நான் நடுவுல இன்னா பண்ணுவன்?

வந்துட்டாங்க. உங்க வூட்டுக்காரரு சிரிச்சிக்கினே வர்றாரு. பச்சையப்பன் மொகத்தப் பாத்தாலே தெரியுது. முடிஞ்சி போச்சி. பரவால்லம்மா, உங்க மேல இன்னா தப்பு. யாருக்குத்தான் புடிக்காது. நல்ல வூடும்மா. ஒழுவுதுன்னு சொன்னனே, அவ்ளோ இல்ல. அந்த ஆலங்கன்ன வெட்டிட்டு சுண்ணாம்பு அரைச்சிப் பூசுனா நின்னுடும்.

இன்னாத்துக்கும்மா பையத் தொறக்கறீங்க? அந்த ஆளுக்கா? உங்க வண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கினு நிக்கறவருக்கா? குடுங்க. குடுத்தா வாங்கிக்குவாரு. யாராச்சும் வூடு பாக்க வந்தா அவரு தலைப்பாவக் கட்டிக்கினு வேலக்காரன் மாதிரி நின்னுடுவாரு, மச்சாண்டாரு பேச்சு பொய்யாயிடக் கூடாதுன்னு. யானை கூப்புட்டது அவரத்தாம்மா.

இத்தினி பெரிய வூட்டுக்கு ஒரு ஆளு வேணும் இல்ல? சம்பளம் வேணாம். நாங்க மாட்டுக் கொட்டாயிலயே ஒண்டிக்குவம். மாடு பாப்பாரு, தண்ணி எறைப்பாரு, எதுக்கு வேணா ஏவுங்க. கெணத்துக்கு அந்தாண்ட மட்டும் ஏவாதீங்கம்மா.