முதல் மாலை

இந்த மலையில் கறுப்புத் துணி சீக்கிரம் காய்வதில்லை, இன்ஸ்பெக்டர். பட்டமளிப்பு அங்கிகளை வாடகைக்கு எடுத்து, துவைத்துத் திருப்பிக் கொடுப்பதே எனக்குப் பெரிய தலைவலி. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?

தானா ராத்தா டவுனில் ஒரு கடைக்கு மேலே, மாடியில் என் கல்லூரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கூட்டாளி. அந்தப் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை, கடவுளையும்தான் பார்த்ததில்லை. தேயிலை கொய்யும் முனியாண்டியின் மகள் யோகேஸ்வரிக்குத் தாதியர் பட்டம் கொடுத்தேன். வீடியோ பார்த்தாள், பாஸானாள். ஊசி போட்டுப் பழக ஆரஞ்சுப் பழம் வாங்கித் தந்தேன்.

பட்டமளிப்பைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்திலேயே வைத்தேன். அதோடு நிற்கவில்லை. திருவிழாவில் வழக்கமாகத் தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணிக்குப் போகும் முதல் மாலையை அந்த ஆண்டு அவளுக்குப் போட்டார்கள். முனியாண்டி அழுதே விட்டார். பாவம், நல்ல மனுஷன். அம்மன் முன்னால் மாலை வாங்கியவள் பேச்சைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் தட்டுவதில்லை. காய்ச்சல், வலி எல்லாம் அவள் வாசலுக்கு வந்தன.

போன மாதம், களைக்கு மருந்தடிக்கும் சுப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி வந்து நின்றது. யோகேஸ்வரி தன் வீட்டுக்குள் போய் எனக்குப் போன் செய்தாள்.

"சார், எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. லோரியில ஏத்தி அனுப்பிடுறேன் சார்."

அதற்கு முன்பே அவருடைய நெஞ்சுவலிக்கு அவள்தான் மாத்திரை கொடுத்து வந்தாள். யார் கொடுத்தது, எங்கே படித்தவள் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். மறுவாரம் எனக்குப் புது வகுப்புச் சேர்க்கை வேறு.

"பதறாதம்மா. வெறும் வாயுதான் லா. லோரிய போகச் சொல்லு," என்றேன்.

சொன்னாள். சுப்பனின் மனைவி திலகா, "நம்ம யோகேஸ்வரியே சொல்லிட்டா, அப்புறம் என்ன," என்று லோரிக்காரரைக் கும்பிட்டு அனுப்பினாராம். பொழுது சாய்வதற்குள் சுப்பன் போய்விட்டார். யோகேஸ்வரி இன்னும் யாரோடும் பேசுவதில்லை. முனியாண்டி சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாராம்.

ஆமாம், லோரியைத் திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான். வாயு இல்லை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஒன்று, அவள் திறமையில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. தீபாவளிக்கு முன்பு என் மகளுக்கு மூச்சுத் திணறியபோது அவள் வாசலைத் தாண்டித்தான் காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவளுக்கு எதற்கு வீண் சிரமம் என்றுதான்.