பாஸ்போர்ட்டை எடுக்கப் போன புஷ்பம்

ஓடுகிறோம். காலில் செருப்பில்லை. தெருவெல்லாம் கண்ணாடித் துண்டு. முன்னால் வீட்டுக்காரம்மா. "கச்! கச்!" என்று கத்துகிறாள். அவர்கள் மொழியில் ஓடு என்று அர்த்தம். பின்னால் புஷ்பம்.

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி தாண்டியிருந்தது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இடி. முதல் குண்டு மூன்று தெரு தள்ளி விழுந்திருந்தது.

நானும் புஷ்பமும் இலங்கையில் ஹாலிஎலப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வீட்டு வரிசை. அசர்பைஜானுக்கு ஹோட்டல் துப்புரவு வேலைக்கு அவளைக் கூட்டிப்போனவள் நான். கூட வேலை செய்த பெண், லீவுக்குத் தன் அம்மா வீட்டுக்கு எங்களை அனுப்பினாள். அந்த அம்மாதான் முன்னால் ஓடுகிறவள். ஊர் பெயர் கஞ்சா. ஒரு காலத்தில் தலைநகரமாம். பக்கத்து நாட்டோடு சண்டை எல்லையில்தான், இங்கே வராது என்றார்கள். முதல்நாள் செங்கல் பள்ளிவாசல் பார்த்தோம். போத்தல்களால் கட்டிய ஒரு வீடும் பார்த்தோம். "லயத்துல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கக்கா" என்று புஷ்பம் சிரித்தாள்.

முச்சந்தி வந்துவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வருகிறது.

"புஷ்பம்! பாஸ்போர்ட்! ஓடிப்போயி எடுத்துட்டு வா!"

நின்றாள். "பயமா இருக்குக்கா."

"போடி! அது இல்லாம ஊருக்குப் போக முடியாது!"

போனாள்.

இரண்டாவது விசில்.

பின்னேரம் வரை தோண்டினார்கள். பாஸ்போர்ட் வைத்த பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பாஸ்போர்ட் இரண்டும் கிழியவில்லை.

கொரோனா நேரம். விமானம் இல்லை. அங்கேயே புதைத்தோம்.

பல மாதம் கழித்து நான் மட்டும் ஊர் வந்தேன். மரணப் பதிவுக்காக பதுளையில் ஒரு கந்தோர். புஷ்பத்தின் அம்மாவும் நானும் நிற்கிறோம். கிளார்க் கடிதத்தைப் படித்தார். "செத்த இடம் கஞ்சாவா?" சிரித்தார். பக்கத்து மேசைக்கும் சொன்னார். அங்கேயும் சிரிப்பு. எதற்கென்று அவள் அம்மாவுக்கு விளங்கவில்லை. மரியாதைக்கு அவளும் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "ஏம்மா சாந்தி, எம்புள்ள எதுக்கு திரும்பி உள்ள போனா?"

"தெரியல அத்தை."

அது பொய். நான்தான் அனுப்பினேன். இங்கே எழுதுகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

போனவை: வீட்டுக்காரம்மாவின் மூன்று அறை உள்ள வீடு. என் இடது காது, இப்போது கேட்காது. போனில் இருந்த படங்கள், எல்லாம்.

செத்தது ஒருத்தி. புஷ்பம். வயது இருபத்து நாலு. அவள் அம்மாவுக்கு வேறு பிள்ளை கிடையாது.