உள்ளே டாக்டர் இருக்கிறார்

இரவு ஒன்பதரை மணி. மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கிப் போகும் பாதை. அந்தப் பக்கம் வீடும் இல்லை, கடையும் இல்லை... ஏதோ ஒரு கிடங்கின் நீளமான சுவர் மட்டும்தான். சுவரை ஒட்டி ஒரு ஸ்கூட்டர். விழுந்து கிடக்கவில்லை, ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்க விளக்கு மட்டும் டிக்... டிக்... டிக்... என்று அணைந்து அணைந்து எரிந்தது.

வண்டிக்காரப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அந்த வழியாக வந்த லாரி டிரைவர் இறங்கிப் போய், "என்னம்மா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டே இப்படி ஒரு கேள்வி கேட்டேனே என்று பிறகு போலீஸிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம். அவள் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்... உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

டார்ச்சை அணை. செல்போனையும்தான். கரண்ட் வருகிறபோது வரட்டும். மொட்டை மாடியில் உட்கார்ந்து கதை கேட்டது நீங்கள், பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது. தனியாகப் படி இறங்குகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

இது என் சிநேகிதியின் அண்ணிக்கு நடந்தது. அவளுடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அடுத்தவர் மனம் நோக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷி. அதனால்தான் எனக்கு இந்தக் கதை பயம். கெட்டவர்களுக்கு நடந்திருந்தால் நமக்கென்ன என்று தூங்கிவிடலாம்.

அண்ணி முதலில் அழகு நிலையத்தில் புருவம் திருத்தும் வேலை பார்த்தார். பிறகு லேசர் மெஷினை இயக்க ஏதோ ஒரு குறுகிய பயிற்சி. ஒரு ஸ்கின் கிளினிக்கில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டதும் அதுவரை வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள் பேஷண்ட் ஆகிவிட்டார்கள். மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

வாசலில் ஒரு டாக்டரின் பெயர்ப் பலகை. உள்ளே அவருக்கென்று ஓர் அறை. மேஜை, சுழல் நாற்காலி, கம்ப்யூட்டர், ஸ்டெதஸ்கோப்... டாக்டரைத் தவிர எல்லாம் இருந்தது. அவர் இருந்தது வேறு ஊரில், தன் சொந்த மருத்துவமனையில். இங்கே பெயரை மட்டும் கொடுத்திருந்தார். திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டியதோடு சரி.

காலையில் அண்ணியின் முதல் வேலை அந்த அறைக்கு விளக்குப் போடுவது. ஏசியை ஓடவிடுவது. பிறகு கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஆண்கள் ஷூவைக் கொண்டுவந்து வைப்பது. உரிமையாளர் மேடத்தின் கணவருடைய பழைய ஷூ அது. பார்க்கிறவர்கள் டாக்டர் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஷூவுக்கு வாராவாரம் பாலீஷ் வேறு. டாக்டர் கௌரவமாக இருக்க வேண்டாமா.

சிரிக்காதே. இன்னும் இருக்கிறது.

யாராவது, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்றால் அண்ணி அந்த அறைக்குள் போவார். கதவைச் சாத்துவார். காலி நாற்காலிக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்பார். வெளியே வந்து, "டாக்டர் பரவாயில்லைன்னுட்டார்" என்பார். மேடம் சொல்லிக்கொடுத்த வழக்கம். ஆரம்பத்தில் உடம்பெல்லாம் கூசியதாம். பிறகு பழகிப்போயிற்று. சில நாள் அந்த நாற்காலியிடம் வாய்விட்டே கேட்டுவிட்டு வருவாராம்.

அந்தப் பெண் வந்தது ஒரு சாயங்காலம். நீச்சல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். காலில் முடி இருக்கிறதே என்று கூச்சம், அதை லேசரில் எடுக்க வேண்டும். "எனக்கு வலி மட்டும் தாங்காதுக்கா" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அண்ணிக்கு இளகின மனசு. மரத்துப்போவதற்கான க்ரீமை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டார். இரண்டு கால்களுக்கும், தொடையிலிருந்து கணுக்கால்வரை. மேடம் எங்கிருந்தோ வரவழைத்த வீரியமான சரக்கு அது. மருந்து நாற்றம் தெரியாமல் இருக்க வெள்ளரி வாசனை கலந்திருக்கும். க்ரீமுக்கு மேலே, சமையலறையில் பாத்திரம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். அதற்குள் முந்தைய பேஷண்டின் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. இவள் அப்படியே காத்திருந்தாள்... அரை மணி, ஒரு மணி, அதற்கும் மேல்.

"அக்கா, உதடு மரத்துப்போற மாதிரி இருக்கு."

"க்ரீம் கால்லதானே போட்டோம்" என்று அண்ணி சிரித்தார்.

"காதுல ஙொய்னு சத்தம் கேக்குது. வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்கு. டாக்டரைக் கொஞ்சம் பார்க்கச் சொல்றீங்களா?"

"இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

அண்ணி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நிஜமாகவே டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்று தோன்றியதாம், கையில் போனை எடுத்தும்விட்டார். முன்பு ஒரு முறை கூப்பிட்டபோது, "இதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவே?" என்று அவர் கடிந்துகொண்டது ஞாபகம் வந்தது. மூடுகிற நேரம் வேறு. போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"டாக்டர் சொன்னார், சில பேருக்கு அப்படி இருக்குமாம். பயப்பட ஒண்ணுமில்லை. லேசரை நாளைக்கு வச்சுக்கலாம். வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிட்டுப் படுங்க, சரியாயிடும்."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. "டாக்டரே சொல்லிட்டாரா? அப்ப சரி" என்றாள். பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கக்கூட இல்லை, அதற்கு மேலேயே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். வழியில் முடியாமல் போய் ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

விசாரணை வந்தது. "டாக்டர் பார்த்துத்தான் அனுப்பினார்னு சொல்லு. இல்லைன்னா முதல்ல மாட்டறது நீதான்" என்றார் மேடம். டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார். "நான் பார்த்தேன்னு நானும் சொல்லிடறேன். நீ பேச்சை மாத்திடாதே." மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். உடம்பு மருந்தை ஏற்கவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது.

அதைக்கூட அண்ணி தாங்கிக்கொண்டிருப்பார். செத்துப்போன பெண்ணின் அம்மா ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தார். சண்டைக்கு இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார். "டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்தாராம்மா?"

"பார்த்தாருங்க."

"அது போதும். யாருமே பார்க்காம என் பொண்ணு போயிட்டாளோன்னுதான் மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அண்ணிக்கு அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லையாம். ஸ்பூனில்தான் சாப்பிட்டார்.

கிட்டே வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சில நாள் கழித்து அண்ணி தனியாகக் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டிருந்தார். வெள்ளரி வாசனை வந்தது. திரும்பினால், வெளி நாற்காலியில் அவள். மடியில் ஹெல்மெட். பேன்ட் இல்லை, கால்களில் பிளாஸ்டிக் தாள், தாளுக்கு உள்ளே வியர்த்திருந்தது. அண்ணியைப் பார்க்கவே இல்லை. டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் நானும் என்றால் அலறியிருப்போம். அண்ணிக்கு வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது. "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். அவள் தலையை ஆட்டினாள். வெயிட் பண்ண ஆரம்பித்தாள்.

அதன் பிறகு கிளினிக் என்று இல்லை. பஸ் நிறுத்தத்தில், ரேஷன் வரிசையில், கடைசியில் வீட்டு ஹாலில். எங்கே மூடிய கதவு இருக்கிறதோ அங்கே எதிரே உட்கார்ந்திருப்பாள். அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை. என் சிநேகிதி அப்போது அவர்கள் வீட்டில் தங்கியிருந்தாள், ஹாலில்தான் படுக்கை. ஒரு நாள் ராத்திரி சரக்... சரக்... என்று காதருகே சத்தம். கால்மேல் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு யாரோ பிளாஸ்டிக்கை உரசுகிற மாதிரி. எலி என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். காலையில் காபி குடித்தால் வாயோரமாக வழிகிறது. உதட்டைக் கிள்ளிப் பார்த்தாள். வேறு யாருடைய உதட்டையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

"அண்ணி, என் உதடு மரத்துப்போச்சு" என்றாள்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுது அழுது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியது அப்போதுதான்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் ஹாலில் விழித்திருந்தார்கள். வாசனை வந்தது. சிநேகிதிக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி காலி நாற்காலியின் முன்னால் மண்டியிட்டார்.

"டாக்டர் இல்லம்மா. அன்னைக்கும் இல்லை. நான்தான் சும்மா உள்ள போய் நின்னுட்டு வந்தேன். உன்னை யாரும் பார்க்கலை. நான் சொன்னது அத்தனையும் பொய்."

சரசரப்பு நின்றது. முதல் தடவையாக அவள் திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தாளாம். கோபம் இல்லை. நாக்குக் குழறியபடி கேட்டாள்: "அப்ப... டாக்டர் எங்கக்கா இருக்கார்?"

அண்ணி ஊரைச் சொன்னார். மருத்துவமனை இருக்கிற தெருவையும் சொன்னார். அவள் எழுந்தாள். சரக்... சரக்... என்று வாசலைத் தாண்டி, படியிறங்கி, தெருமுனைவரைக்கும் அந்தச் சத்தம் போவது என் சிநேகிதிக்குக் கேட்டிருக்கிறது.

விடிந்ததும் அண்ணி அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனார். நின்றபடியே சொன்னார். அந்த அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. "அப்ப என் பொண்ணை யாருமே பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க" என்றார் அண்ணி. அந்த அம்மா மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம் என்று அண்ணி இன்னும் சொல்வார். அங்கிருந்து நேரே போலீஸ் நிலையம் போய் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. ஏன் பேச்சை மாற்றினாய் என்று கத்தப்போகிறார் என்று அண்ணி பயந்துகொண்டே எடுத்தார். அவருக்கு அந்தச் செய்தியே இன்னும் போயிருக்கவில்லை.

"ஒரு பேஷண்ட் வந்திருக்காங்கம்மா. நீ அனுப்பினேன்னு சொல்றாங்களாம். உதடு மரத்துப்போச்சு, காதுல சத்தம்னு நர்ஸ் சொல்றா. என்ன க்ரீம் போட்டே? எவ்வளவு போட்டே? எத்தனை நேரம் வச்சிருந்தே?"

அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி ஒன்று விடாமல் சொன்னார்.

"அவ்வளவா? மருந்து ரத்தத்துல ஏறியிருக்குமே, ஆபத்தாச்சே. உடனே பார்த்தாகணும். சரி, உள்ள கூப்பிடறேன்."

கூப்பிடாதீங்க சார் என்று சொல்ல அண்ணிக்கு வாய்வரைக்கும் வந்தது. அவள் உயிரோடு இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தில் நா எழவில்லை என்றுதான் என் சிநேகிதியிடம் முதலில் சொன்னார். பிறகு ஒரு நாள், "பயமெல்லாம் இல்லை. இவரும் ஒரு தடவை பார்க்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். போனில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வாங்க, உட்காருங்க. என்ன பண்ணுது?" என்றது டாக்டரின் குரல். அண்ணி போனை வைத்துவிட்டார்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மனசு கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் அண்ணியே அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டார். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள்.

"டாக்டர் பிஸிங்க. உள்ள ஒரு பேஷண்டைப் பார்த்துட்டிருக்கார்."

"எப்ப முடியும்?"

"தெரியலீங்க. நேத்து சாயங்காலம் உள்ள போனவங்க, இன்னும் வரலை."

"கதவைத் தட்டிப் பார்த்தீங்களா?"

"தட்டினோமே" என்றாள் அந்தப் பெண். "டாக்டர் பேசலை. அந்தப் பேஷண்ட்தான் உள்ளேருந்து சொன்னாங்க... பயப்பட ஒண்ணுமில்லையாம், டாக்டர் இப்பதான் தொட்டுப் பார்க்க ஆரம்பிச்சிருக்காராம்."