கிண்ணத்துக்கு வைத்த பெயர்

அந்தக் கிண்ணத்தை நூற்றெண்பது டொலருக்குக் கொடுத்தேன். சுலக்சன் பேரம் பேசவில்லை. விலைமதிக்க முடியாத பொருளைக் கேட்ட விலைக்கே ஒருவன் வாங்கிக்கொண்டு போனால், விற்றவனுக்குச் சின்ன மனவருத்தம் வரும். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது விளங்கும்.

மில்லிக்கனில் ஒரு பிளாசாவுக்குள் எனக்குப் பாத்திரக்கடை. சுலக்சன் என் தங்கை நிலாணியின் கணவன். யப்பான்காரரின் தேநீர்ச் சடங்கில் அவனுக்குப் பைத்தியம், வியாழக்கிழமைதோறும் வகுப்பு. எங்கள் கோயில்களைப் போல அங்கேயும் கட்சிகள் உண்டு. ஒரு கட்சி வலது காலை வைத்து அறைக்குள் போகும், மற்றது இடது காலை. ஒரு கட்சி பச்சைத் தேயிலைத் தூளை மூங்கில் மத்தால் அடித்து முழுக்க நுரையாக்கும். மற்றது ஒரு ஓரத்தைப் பிறைபோல நுரையில்லாமல் விட்டுவைக்கும். சுலக்சன் நுரைக் கட்சி.

இரண்டு விஷயங்களில் மட்டும் கட்சிகள் ஒன்றுபடும். கிண்ணத்துக்கு ஒரு முகம் உண்டு. குடிப்பவர் கிண்ணத்தைத் திருப்பி, முகத்தில் வாய் படாமல் குடிக்க வேண்டும். குடித்து முடிந்ததும் பிரதான விருந்தாளி கிண்ணத்தின் ஊரையும் பெயரையும் விசாரிக்க வேண்டும். நல்ல கிண்ணங்களுக்குப் பிள்ளைக்கு வைப்பதுபோலப் பெயர் வைப்பார்கள்.

இன்னொன்றை மறந்துவிட்டேன். போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

நிலாணிக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது ஒரு வியாழக்கிழமை. வாசலில், சப்பாத்துக்குள் கிடந்து அவனுடைய போன் அடித்தது. உள்ளே அவன் நுரை அடித்தான். எனக்கும் ஒருமுறை அழைத்துப் பார்த்திருக்கிறாள். நான் கடைக்கு வந்த ஒரு அன்ரியோடு குத்துவிளக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளருக்கு முன்னால் போன் எடுப்பது மரியாதையில்லை. அது வேறு விஷயம்.

செத்தவீட்டுச் செலவு முழுவதையும் நான் கட்டினேன். சாம்பல் பெட்டியும் என் கைக்கே வந்தது. சுலக்சன் ஒரே ஒரு பிடி கேட்டான். அவள் ஏரிக்குப் போகிறாள், பங்கு போட முடியாது என்று சொன்னேன்.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று அரைவாசியைத்தான் ஏரியில் கரைத்தேன். மற்ற அரைவாசியைக் காரில் விட்பிக்குக் கொண்டுபோனேன். அங்கே றெமிஜியஸ் என்றொரு குயவர் கராஜுக்குள் சூளை வைத்திருக்கிறார். கிண்ணத்தின் மேற்பூச்சில் சாம்பல் கலப்பது அந்தத் தொழிலில் வழக்கம்; எலும்புச் சாம்பல் என்றால் பால்போல மினுங்கும். மாட்டெலும்பு என்று சொன்னேன். கைவிரலால் தடவிப் பார்த்து, நல்ல சரக்கு என்று பாராட்டினார். சூளையால் வந்தபோது ஒரு பக்கத்தில் பூச்சு தடித்து வழிந்து நின்றது. அதுவே முகமாயிற்று.

வாங்கிக்கொண்டு போன நாளிலிருந்து சுலக்சன் காலமை காலமை அந்தக் கிண்ணத்தை எடுத்து வைத்து, தானே அடித்து, தானே குடித்துப் பழகினான். மாதக்கணக்காக. எனக்கு நல்ல நித்திரை வந்தது. தெரியாமல் அவளைக் குடிப்பது தண்டனையில் பாதி. தெரிந்த பிறகு எதைக் கொண்டு வாய் கழுவுவது என்று தவிப்பது மற்றப் பாதி. அதை ஆண்டுத் திவசத்துக்கென்று எடுத்துவைத்திருந்தேன்.

அன்றைக்கு றிச்மண்ட் ஹில் கோயிலால் திரும்பி, என்னைத் தன் வீட்டு பேஸ்மென்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாய் விரித்திருந்தது. விருந்தாளி நான் ஒருவன்தான். கேள்வி கேட்கும் உரிமை குடித்தவனுக்கே உண்டு. கிண்ணத்தின் முகத்தைத் திருப்பிவிட்டு நானும் குடித்தேன். அதை வியாபாரச் செலவில் போட்டுக்கொண்டேன்.

“கிண்ணம் எந்த ஊர்?”

“விட்பி எண்டு நீங்கள்தானே மச்சான் சொல்லி வித்தனீங்கள்.” சிரித்தான்.

“பேர்?”

“இன்னும் வைக்கேல்லை.”

“நான் வைச்சிட்டன். நிலாணி.”

பிறகு விலைப்பட்டியல் வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்டி, ஏரி, விட்பி, மாட்டெலும்பு. அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வாயைத் துடைக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவித் துடைத்தான். தூள் போட்டு, வெந்நீர் விட்டு அடித்தான். இடையிலேயே மத்தை எடுத்துவிட்டதில் முழுக்க நுரைக்கவில்லை. மற்றக் கட்சிக்காரனைப்போல ஓரத்தில் பிறை விட்டுவிட்டான். பிறகு கிண்ணத்தைத் திருப்பினான். முகம் தன் பக்கம் வரும்வரைக்கும் திருப்பினான். அந்தப் பூச்சு வழிந்த இடத்தில் வாயை வைத்தான். கிண்ணம் வெறுமையான பின்பும் எடுக்கவில்லை.

“ஒரு பிடிதான் கேட்டனான், மச்சான்,” என்றான். “நீங்கள் அரைவாசி தந்திருக்கிறியள்.”

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வரவு நூற்றெண்பது. றெமிஜியஸுக்கு அறுபது போனது. முழுவதையும் ஏரியில் கரைத்ததாக அம்மாவிடம் சொன்ன பொய் ஒன்று. அவர் இன்னும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறார். நிலாணியில் அரைவாசி ஏரிக்கு, அரைவாசி சுலக்சனுக்கு. எனக்கு மிச்சம், போனில் அவளுடைய பெயரோடு கிடக்கும் எடுக்காத அழைப்பு ஒன்று. அதை அவனுடைய பற்றுக் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்.