ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை

இல்ல டாக்டரம்மா, உக்காந்துக்கிடுதேன். ஆனா எத்தனை மாத்திரை, எத்தனை மாத்திரைன்னு வெரட்டாதிய. மொதல்லருந்து சொன்னாத்தான் எனக்கு வாயில வரும். நீங்க மாட்டுங்கா தமிழாளா? பேச்ச வச்சே நெனச்சேன். நல்லவேளை. ஹிந்தியில எனக்குச் சண்டதான் போடத் தெரியும், சீக்கு சொல்லத் தெரியாது.

உள்ள படுத்திருக்காவல்லா எங்க வீட்டுக்காரவிய, தங்கசாமி, அவிய தாராவியிலேருந்து செம்பூர் வரைக்கும் சைக்கிள்ல இட்லி விக்கப் போறவிய. ரப்பர் ஹாரன அமுக்குனா பில்டிங் ஜனம் பூரா எறங்கி வரும். அந்த மனுசனுக்குப் போன தீவாளிக்கு நெஞ்ச அடச்சு, ஸ்டெண்ட் வச்சாவ. கொழுப்பு மாத்திரைய மட்டும் நிப்பாட்டவே கூடாதுன்னு பெரிய டாக்டர் சொன்னாரு.

ஒழுங்காத்தான் தின்னாவ. பொறவு காலு வலின்னாவ. தொடையில குத்துதுன்னாவ. பெடல் மிதிக்க காலு வலிக்காம என்ன செய்யும்னு நானும் தேங்காண்ணெய் தேச்சு விட்டேன். அப்பம் பாத்து என் தம்பி ஜெயகணேஷ் சீத்தா கேம்ப்லேருந்து வந்தான். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தானா? போன்ல வீடியோவப் போட்டு, அத்தான், இந்த மாத்திரை சதைய அரிச்சு கிட்னியத் தின்னுரும்னுட்டான்.

என்னது? கொஞ்சம் நெசந்தானா? எல்லாருக்கும் வராதா? வலின்னதும் உங்ககிட்ட வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்பியளா? வந்திருக்கணும்மா. ஒரு நாள் இங்க வந்து நின்னா அன்னைய யாவாரம் போச்சே.

மறுநாள் பாத்தா, மாத்திரை ஜன்னலுக்கு வெளிய சாக்கடையில கெடக்கு. சண்ட போட்டேன், அழுதேன். என் காலா, ஒன் காலான்னாவ. வீம்பு புடிச்ச மனுசன். எனக்குத் தாலிய நெனச்சுப் பதட்டம், அவியளுக்கு சைக்கிள நெனச்சுக் கவல.

இப்பம் எந்திக்கவே முடியல. காலையில ஒண்ணுக்குப் போனது கடுங்காப்பி மாதிரி இருந்துச்சு. அதப் பாத்ததும் டாக்சியில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தேம்மா.

என்ன சொல்லுதிய? தெனம் ஒண்ணு தவறாமப் போட்டேன்னு சொன்னாவளா? யாரு, அவியளா? செம்பூர் மெடிக்கல்ல வாங்கி அங்கனயே முழுங்கிட்டு வந்தாவளா? நான் அழுத மறுநாள்லேருந்தா? அட பாவி மனுசா! பொண்டாட்டி சொல்லு கேட்டேன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னா கிரீடம் எறங்கிருமா?

கொஞ்சம் தண்ணி குடுங்க.

ரெண்டுன்னு எழுதிக்கிடுங்கம்மா. அவிய ஒண்ணு போட்டிருக்காவ. இன்னொண்ணு நான் குடுத்தது. நிப்பாட்டிட்டாவன்னுதான நெனச்சேன்? பழைய சீட்டக் காட்டி இன்னொரு அட்டை வாங்கி, தெனம் பொடிச்சு அவிய சட்னியில கலந்தேன். யாவாரச் சட்னியில இல்லம்மா, சத்தியமா. அவிய கிண்ணத்துல மட்டுந்தான். காரம் தூக்கலாப் போட்டா கசப்பு தெரியாது. கொஞ்ச நாளா உன் சட்னிக்கு ருசி கூடியிருக்குடின்னு சொல்லிச் சொல்லித் தின்னாவ.

எந்திக்காதிய, ஒரு நிமிசம் இருங்க. வரும்போதே பசிக்குதுன்னாவ, இட்லி கொண்டாந்திருக்கேன். இந்தாங்க, இந்த டப்பாவ நீங்களே வாங்கி வச்சுக்கிடுங்க. இன்னைக்கு உள்ளதும் கலந்தாச்சு.