பூனை வந்தால் ஊசி இல்லை

“பூன திரும்பி வந்துருச்சுன்னா எனக்கு ஊசி தேவப்படாதாம்க்கா.”

கண்டியில், நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது இது என் காதில் விழுந்தது. சொன்னவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். கடிபட்ட கையில் பழந்துணியால் கட்டுப் போட்டிருந்தாள். கேட்டவளைத் தெருநாய் கடித்திருந்தது.

“வளத்த பூனையா?”

“ஆமாக்கா. என் மடியிலதான் படுக்கும். அது நல்லா இருக்கான்னு கொஞ்ச நாளு பாத்துக்கிட்டா போதும்னாரு டொக்டரு. பாக்குறதுக்கு அது வீட்டுல இல்லையே.”

“எங்க போச்சு?”

“மூணு குட்டி போட்டுருந்துச்சுக்கா. எங்க லயத்துல ஒரே காம்பராவுல நாங்களே ஆறு பேரு. அதுங்களுக்கு எங்க எடம்? சாக்குல போட்டு டவுன் மீன்கடப் பக்கம் விட்டுட்டு வந்தேன். குட்டிய எடுக்கயிலதான் கடிச்சுச்சு.”

“பொறகு?”

“வெறுஞ்சாக்கோட திரும்பி வந்தேன். அந்தச் சாக்க மோந்து மோந்து பாத்து ராவெல்லாம் கத்துச்சு. விடிஞ்சு பாத்தா காணோம். மீன்கடைக்கும் போயிப் பாத்துட்டேன். குட்டிங்களும் இல்ல, அதுவும் இல்ல.”

உள்ளேயிருந்து ஊசி போடும் மிஸ்ஸி அவள் பெயரைக் கூப்பிட்டாள்.

“போ புள்ள. ஊசி போட்டா சரியாப் போயிரும்.”

“எனக்குச் சரியாப் போயிரும்க்கா,” என்று எழுந்து போனாள்.